பத்தடியும் ஒன்பதடியும்

பிப்ரவரி 11

இன்றும் கூட்டம். இன்றும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பின்னாளில் படித்தால் எனக்கே நம்பிக்கை வராது என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். பாலம் தாண்டினால் வேறு நாடு, வேறு ஊர். இரண்டு ஊரிலும் தொழில் பெருகிவிட்டது, வேலைக்கு வருகிறவர்களுக்கு இருக்க வீடு இல்லை. அதனால் இரண்டும் சேர்ந்து, கீழும் மேலுமாக இரண்டு தளம் வைத்த வீடுகள் முந்நூறு கட்டுவதாகத் திட்டம். சுவர்களை அவரவர் வார்ப்பு யார்டில் கான்கிரீட் பலகைகளாக வார்த்து, லாரியில் கொண்டுபோய், கிரேனால் தூக்கிப் பூட்டிவிட வேண்டியதுதான். ஒவ்வொரு வீட்டிலும் இடது பாதி அவர்கள் வார்ப்பு, வலது பாதி எங்கள் வார்ப்பு. சட்டி பானை கழுவுகிற நேரத்தில் ஒரு தளம் எழுந்துவிடும் என்று நான்தான் பெருமையடித்துக்கொண்டேன்.

சிக்கல் சுவரின் உயரத்தில். எங்கள் வழக்கம் பத்தடி, அவர்கள் வழக்கம் ஒன்பது. சட்டத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. மனசில்தான் இல்லை.

அந்தப் பக்கத்து இன்ஜினியரை நாங்கள் மீசைக்காரர் என்போம். மீசை கொஞ்சம், முறுக்கு ஜாஸ்தி. “ஒன்பதடி தாராளங்க. ஒட்டகத்து மேல உக்காந்தா வீட்டுக்குள்ள வரப்போறாங்க?” என்றார்.

“ஒன்பதடியில ஃபேன் சுத்துனா முடிவெட்டற செலவு மிச்சம்” என்றேன். அறையே சிரித்தது. அவரும்தான் சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை.

பிப்ரவரி 20

மாதிரி வீட்டின் ஒரு தளத்துக்கான பத்தடிப் பலகைகளை வார்த்து அடுக்கிவிட்டோம். எப்படியும் நாம்தான் ஜெயிக்கப்போகிறோம், எதற்குக் காத்திருக்க வேண்டும்? அந்தப் பக்கமும் ஒரு தளத்துக்கு ஒன்பதடியில் வார்த்து அடுக்கியாயிற்றாம். நல்லது. அழகு பார்க்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். சாயங்கால வெயிலில் என் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மயிரிழை விரிசல் இல்லை. இந்த யார்டுக்குப் பொறுப்பேற்றபோது, பொம்பளைக்கு கான்கிரீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர்கள் வந்து தடவிப் பார்க்கலாம்.

மார்ச் 2

கூட்டுக் குழுத் தலைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“இந்த மாசக் கடைசிக்குள்ள மாதிரி வீடு நிக்கணும். ரெண்டு பக்கத்து அதிகாரிங்களும் வந்து பாத்து ஒத்துக்கணும். இல்லன்னா பணம் திரும்பிப் போயிடும். வேற ரெண்டு ஊரு ரெடியா நிக்குது” என்றார்.

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மார்ச் 3

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இன்றும் வீடு இல்லை என்றுவிட்டார்கள்.

மாப்பிள்ளை அந்த நாட்டுக்காரர், வேலை இங்கே பம்பு கம்பெனியில். மகளுக்கு வேலை அங்கே, மருந்து ஆய்வுக்கூடத்தில். எங்கே குடியிருந்தாலும் காலையில் ஒருவர் பாலம் கடந்தே ஆக வேண்டும். இங்கே வாடகைக்குக் கேட்டால் அவர் வெளிநாட்டுக்காரர். அங்கே கேட்டால் இவள் வெளிநாட்டுக்காரி. அதனால் கல்யாணமாகி இவ்வளவு நாளாகியும் என் வீட்டு முன்னறையில், பீரோவை மறைப்பாக நிறுத்தி அதற்குப் பின்னால் குடித்தனம். நாங்கள் கட்டப்போகிற வீடுகளில் மட்டும்தான் எந்தப் பக்கத்து ஆளும் இருக்கலாம், எந்தப் பக்கத்துச் சம்பளமும் செல்லும். அதுதானே இந்தத் திட்டமே.

தண்ணீர் எடுக்கப் போனபோது பீரோவுக்குப் பின்னால் மகள் பேசுவது கேட்டது. “அம்மா ஒரு அடிக்காக மல்லுக்கு நிக்கறாங்க. நமக்கு எட்டடி உயரம் இருந்தாக்கூடப் போதும். சாத்திக்க ஒரு கதவு வேணும், அவ்வளவுதான்.”

மாப்பிள்ளை, “ஷ்ஷ், அத்தை காதுல விழுந்துடப்போகுது” என்றார்.

விழுந்துவிட்டது. ஒரு அடி — ஒரே ஒரு அடி. என்ன ஜென்மம்டி நீ? உன் பேச்சுக்கு ஊரே சிரிச்சுது, சரி. உன் பொண்ணு பீரோவுக்குப் பின்னால மூச்சை அடக்கிட்டுப் படுத்திருக்கா, அது தெரியலையா உனக்கு?

மார்ச் 4

அச்சை ஒன்பதடிக்கு மாற்றச் சொன்னேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அக்கா, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?”

“வேலையைப் பாருங்க” என்றேன்.

மீசைக்காரருக்கு போன் போட்டுச் சொல்லலாம். சொன்னால் நன்றி என்பார். அதைக் காதால் கேட்கிற தெம்பு எனக்கில்லை. லாரி போய் நிற்கட்டும், இறக்கும்போது அவரே பார்த்துக்கொள்ளட்டும். விட்டுக்கொடுத்தாலும் கெத்தாக விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க முன் வரிசையில் நிற்பேன்.

மார்ச் 18

எழுதக் கை வரவில்லை. சிரிப்பா அழுகையா என்று இன்னும் தெரியவில்லை.

காலையில் பாலத்தருகே மனையில் என் லாரிகள் நின்றன. எதிர்ப்பக்கமிருந்து அவர் லாரிகளும் வந்தன. என் முதல் பலகையை கிரேன் தூக்கி நிறுத்தியது. ஒன்பதடி. நான் ஜம்மென்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. அவருடைய பலகையை நிறுத்தியதும்தான் விஷயம் புரிந்தது. பத்தடி.

மனுஷனும் எனக்குச் சொல்லாமல் அச்சை மாற்றியிருக்கிறார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றேன்.

“நீங்க சொன்னீங்களா?” என்றார்.

கிரேன்காரர் மேலிருந்து, “ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்” என்று இறங்கிப் போய்விட்டார்.

ஒரு மணல் குவியலில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தோம். புதிதாக வார்க்க நாள் இல்லை. பணம் போச்சு, வீடு போச்சு, பீரோவே கதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எங்க யார்டுல பழைய ஒன்பதடி ஒரு தளத்துக்கு அப்படியே அடுக்கிக் கெடக்கு. உங்களுக்காக ஒடைக்கலாம்னு இருந்தேன்” என்றார்.

“எங்க பத்தடியும் கெடக்கு” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் எழுந்துவிட்டோம்.

என் புது ஒன்பதடியும் அவர் பழைய ஒன்பதடியும் சேர்ந்தால் ஒரு தளம். என் பழைய பத்தடியும் அவர் புதுப் பத்தடியும் சேர்ந்தால் இன்னொரு தளம். எது மேலே? “கூரைச் சூடு இறங்கறது மாடியிலதான், பத்தடி மேல போகட்டும்” என்றேன். “கீழ உயரம் கொறைஞ்சா மாடிப்படியும் கொறையும், ஏறுறவங்க வாழ்த்துவாங்க” என்றார் அவர். வாதாட ஒன்றும் மிச்சமில்லாமல் இருவருக்கும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மார்ச் 29

வீடு நிற்கிறது. கீழே ஒன்பது, மேலே பத்து. இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஏறி இறங்கி, தட்டி, அளந்து, ஒத்துக்கொண்டார்கள். முந்நூறும் இப்படியே கட்டச் சொல்லிவிட்டார்கள். இப்படி ஒரு யோசனை எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். மீசைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ரெண்டு பக்கமும் சேர்ந்து ஆழமா ஆலோசிச்சோம்” என்றார். நானும் தலையாட்டினேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்களை நிறுத்தி, அதோ தெரிகிறதே, அது நான் வார்த்தது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

செப்டம்பர் 6

வீடு ஒதுக்குகிற குலுக்கலில் மகள் பெயர் வந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்க வரிசையில். பரவாயில்லை. பாலம் நடக்கிற தூரம்தான்.

ஜனவரி 17

மகள் வீட்டில் மதியச் சாப்பாடு. சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். மாப்பிள்ளை எங்கள் இருவரையும் மாடிக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு கதவாகச் சாத்தித் திறந்து காட்டினார். மகள் அறை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா வலது பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “என்ன கெட்டி, என்ன வழவழப்பு. இது எங்க ஊர்க்காரங்க செஞ்சதாத்தான் இருக்கும், இல்லீங்களா சம்பந்தி?”

இன்னும் வெள்ளையடிக்காத சுவர். எங்கள் மணலில் ஒரு மஞ்சள் சாயல் உண்டு, எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். என் யார்டில், என் கண் முன்னால் வார்த்த பலகை அது.

“ஆமா சம்பந்தி. உங்க ஊர்ச் சுவர்தான்” என்றேன்.

அவர் இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். மகளுக்குத் தெரியும், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசிக்கிறது, இலை போடு என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கினேன்.