குமுளி ஏற்றத்தில் உன் ஹாரன்

என் ஆசை மாப்பிள்ளைக்கு,

ஜெயித்துவிட்டேன்! நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேள்: பேட்டரி வண்டி குமுளி ஏறிவிட்டது. முழு லோடு வாழைத்தாரோடு ஏறியது. நீ இருந்திருந்தால் இந்நேரம் நூறு சாக்கு சொல்லியிருப்பாய். அதைக் கேட்க முடியாததுதான் எனக்கு ஒரே குறை.

இதைப் படிக்கிறவர்களுக்கும் நம் வழக்கு தெரியட்டும். மார்க்கையன்கோட்டையில் தார் ஏற்றி, மலை ஏறி, குமுளியில் இறக்குவது நம் பிழைப்பு. என் தங்கை செல்வியை நீ கட்டுவதற்கு முன்பிருந்தே நமக்குள் என்ஜின் சண்டை. பெட்ரோல் வண்டி வெறுமனே போனால் பறக்கும், பாரம் ஏற்றினால் குடித்தே தீர்த்துவிடும். கேஸ் வண்டி கம்பம் வரைக்கும் சமர்த்து, மலையைப் பார்த்ததும் முனகும். இதுவரை இருவருக்கும் ஒரே பேச்சுதான். அதற்கு மேல்தான் அடிதடி.

டீசல்தான் உனக்குச் சாமி. என்ஜின் சுற்று ஏறினால்தான் பலம் காட்டும், மோட்டார் நின்ற இடத்திலேயே முழுப் பலத்தையும் கொடுக்கும், இறக்கத்தில் கொஞ்சம் சார்ஜும் திரும்ப ஏறும் என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். லோயர்கேம்ப் டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் கை தட்டிச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "அந்தப் பொம்ம வண்டி முழு லோடோட குமுளி ஏறட்டும் மச்சான், என் வண்டி ஹாரனக் கழட்டி அதுல மாட்டிவிடுறேன்!"

அந்த ஹாரன் என்ன சாதாரணமானதா? கூடலூரில் தெருமுனையில் நீ அதை அடித்தால், செல்வி வீட்டுக்குள் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். அதைப் பணயம் வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். என்னய்யா அவசரம் உனக்கு?

நீ போனபின், பேட்டரி வண்டியைச் செல்விதான் துணிந்து தன் பெயரில் எடுத்தாள். குமுளிக் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "மொத லோடு, ஏலம் போடுறதுக்கு முன்னால வந்து சேரட்டும். வரலேன்னா வேற வண்டி பாத்துக்கிடுவேன்" என்றார். அந்த லோடு கைவிட்டுப் போனால் செல்வி வீட்டு அடுப்பு எதை நம்பி எரியும்?

முதல் லோடு அன்று செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். உன் கூட்டாளி பாண்டி என்னை நம்பவே இல்லை. உன் டீசல் வண்டியில் இழுவைச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு முன்னாலேயே போய், மாதா கோயில் வளைவில் காத்திருந்தான். நான் நடுவழியில் நின்றால் கட்டி இழுக்கப் போகிறானாம்!

நம் மலைப் பழக்கம் உனக்குத் தெரியும். இறங்கும்போது வளைவில் வண்டியை அணைத்துவிட்டுக் காதைக் கொடுப்போம். பாரத்தோடு ஏறுகிறவனின் முக்கல் கேட்டால் ஒதுங்கி வழிவிடுவோம். பாண்டியும் காதைக் கொடுத்தான். ஒரு முக்கலும் கேட்கவில்லை. வண்டி படுத்துவிட்டது என்று முடிவுகட்டி, எங்களைக் காப்பாற்றக் கீழே இறங்கினான். அடுத்த வளைவிலேயே, பூனை மாதிரி ஏறிவந்த எனக்கு நேர் எதிரே வந்து நின்றான்.

மிரண்டுபோய் ஏற்றத்திலேயே பின்னால் எடுத்தான். உறுமினான், திருப்பினான், மறுபடி உறுமினான். கிளட்ச் கருகிப் புகை வந்தது. வண்டி மேலே பார்த்தபடி ஓரத்தில் நின்றுவிட்டது.

"ஏலே, சத்தமே இல்லாம வந்தா மனுசன் என்னான்னு நெனைப்பான்?" என்று என்னிடமே எகிறினான்.

"சங்கிலிய எடு" என்றேன்.

"எதுக்கு?"

"இழுக்கத்தான கொண்டாந்த? கட்டு!"

உன் டீசல் வண்டியை, அவன் கொண்டுவந்த அதே சங்கிலியால் என் வண்டிக்குப் பின்னால் கட்டினோம். ஏற்றத்தில், முழு லோடோடு, நின்ற நிலையிலிருந்து எடுக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போடப் பாண்டி தயாராக நின்றான். செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெல்ல மிதித்தேன். ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் இரண்டு வண்டியும் நகர்ந்தன, மாப்ள! பாண்டி கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து உன் வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான். மலையே அதிரும்படி கத்தினேன். ஏலம் தொடங்குமுன் குமுளியில் இருந்தோம். கடைக்காரர் இரண்டு வண்டியையும் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கும் இதே வண்டியே வரட்டும்" என்றார்.

தார் இறக்கி முடித்ததும் செல்வி உன் வண்டி முன்னால் போய் நின்றாள். "ஸ்பேனர எடுண்ணே."

"விடுத்தா, வெளையாட்டுக்குச் சொன்னது."

"அத்தன பேரு முன்னால சொன்னாக. அவுக சொன்னது சொன்னதுதான்."

தானே கழற்றித் தந்தாள். ஜெயித்தவன் நான்தான், ஆனாலும் அழுதேன். பாண்டி என் வண்டியில் அதை மாட்டிவிட்டான். சத்தமில்லாத வண்டிக்கு வளைவில் அது தேவைதானே?

சாயங்காலம் செல்வியைக் கூடலூரில் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவிக்கொண்டு மறுபடி தெருமுனைக்கு வந்து அடித்துப் பார்த்தேன். மாவுக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். "வாண்ணே, கல்லு காஞ்சிருச்சு" என்றாள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எர்ணாகுளம் மாதிரி தூரத்து லோடுக்கு இன்னும் உன் டீசல்தான். புது கிளட்ச் போட்டுவிட்டேன், அந்த வண்டியை விற்க விடமாட்டேன். குமுளி ஏற்றம் மட்டும் இனி என்னுடையது. ஒவ்வொரு வளைவிலும் உன் ஹாரனை அடிப்பேன், இது சத்தியம். வழக்கில் ஜெயித்தது நான். ஆனால் மலை முழுக்கக் கேட்கப்போவது நீதான், மாப்ள.

உன் செல்விக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
முருகேசன்