மலைமேல் ஒரு தற்காலிக வேலை

அரியூர் நாடு, கொல்லிமலை
6-2-1932

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பாவாயி எழுதுவது.

மலையில் காய்ச்சல் தணிந்திருக்கிறது, நானும் சுகம். உங்கள் வீட்டில் நங்கையும் குழந்தைகளும் எப்படி இருக்கிறார்கள்? பொங்கலுக்கு வரவில்லை என்று கோபிக்க வேண்டாம். அன்றைக்கு இரண்டு பிரசவம், வேறு வேறு ஊரில்.

ஜில்லா போர்டில் செலவைக் குறைக்கிறார்களாம். இந்த மருந்துக்கூடத்தையும் என் மருத்துவச்சி வேலையையும் எடுத்துவிடுவார்கள் என்று அம்மை குத்த வந்தவர் சொன்னார். நீங்கள் போர்டு ஊழியர் சங்கத்தின் காரியதரிசி. சொந்தக்காரர்கள் எல்லோரும் தடுத்தபோது என்னை இந்தப் படிப்புக்கு அனுப்பியவரும் நீங்கள்தான். அதனால் கேட்கிறேன். நான் குடியிருக்கும் வீட்டுப் பெருமாயிக்கு இது ஏழாம் மாதம். முன்பு இரண்டு தடவையும் ரத்தம் நிற்காமல் பிழைத்ததே பெரிது. அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கவே அரை நாள் ஆகும், ஆஸ்பத்திரி அதற்கும் அப்பால். கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்.

பாவாயி

சேலம்
19-2-1932

கண்ணு பாவாயி,

இங்கே எல்லோரும் சுகம். உன் நங்கை உன்னை இளைத்துப்போகாமல் இருக்கச் சொன்னாள்.

போர்டார் இரண்டு வழி சொல்கிறார்கள். எல்லோர் சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கு வெட்டுவது, இல்லாவிட்டால் தற்காலிக வேலைகளை ஒழிப்பது. இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர். இரண்டுமே கூடாது என்று பேசிவருகிறேன். தெருக் கூட்டுகிறவர்கள் இப்போதே ஒரு வேளைதான் அடுப்பு மூட்டுகிறார்கள். தைரியமாக இரு சாமி.

அப்பாசாமி

அரியூர் நாடு
21-3-1932

அண்ணா,

உத்தரவு வந்துவிட்டது. மாதக் கடைசியோடு மருந்துக்கூடம் மூடல். உத்தரவு கொண்டுவந்த பியூன், “சங்கமே பட்டியல் கொடுத்துடுச்சுங்கம்மா, உங்க அண்ணன் கையெழுத்துங்க அதுல” என்றான். நான் அவனைக் கடிந்து அனுப்பினேன். உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

பாவாயி

சேலம்
29-3-1932

கண்ணு,

உண்டு.

கூட்டம் நாலு மணி நேரம் நடந்தது. துப்புரவு அண்ணாமலை எழுந்து, “பத்துல ஒண்ணு போச்சுன்னா எம்புள்ளைங்க கஞ்சிக்கு யாருட்டங்க போவேன்? வெளியாளுக்காக நாங்க எதுக்குங்க சாகோணும்?” என்று கேட்டார். வெட்டைத் தவிர்க்கத் தற்காலிக வேலைகளை விட்டுக்கொடுப்பது என்று ஓட்டில் முடிவாயிற்று. தற்காலிக ஊழியர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு இல்லை. உன்னையும் சேர்த்துப் பதினொரு பெயர். நானேதான் எழுதிக் கொடுத்தேன். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற பத்தையும் எழுத மனம் வரவில்லை.

உடனே கீழே இறங்கி வா. இங்கே ஏதாவது வேலை பார்த்துத் தருகிறேன்.

அப்பாசாமி

அரியூர் நாடு
18-4-1932

அண்ணனுக்கு,

நான் இறங்கவில்லை. பெருமாயியை விட்டுவிட்டு எப்படி இறங்குவேன்?

மருந்து அலமாரிக்குச் சீல் வைத்து இரண்டு பேர் சுமந்து போனார்கள். ரத்தத்தை நிறுத்தும் மருந்தில் ஒரே ஒரு புட்டி கேட்டேன். “சீல் வெச்சாச்சுங்கம்மா, இனி என் கையில இல்லீங்க” என்றார் வந்த குமாஸ்தா.

செவ்வாய்க்கிழமை பெருமாயிக்குப் பெண் பிறந்தது. பிறகு ரத்தம் நிற்கவில்லை. கையால் செய்யக் கற்றதையெல்லாம் செய்தேன். தூளி கட்டிக் காரவள்ளிக்குத் தூக்கினோம். பாதி வழியில், “குளுருதுங்கக்கா” என்றாள். அவ்வளவுதான். தூளியை அங்கேயே திருப்பினோம்.

அவள் புருஷன் சின்னுசாமி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்த மருந்த எதுக்குங்க எடுத்துட்டுப் போனாங்க?” இதைச் சங்கத்தில் படித்துக் காட்டுங்கள்.

பாவாயி

சேலம்
6-5-1932

பாவாயி,

படித்தேன். பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை, வேறொருவர் படித்தார். முதலில் எழுந்தவர் அண்ணாமலைதான். “எங்கூலியில வெட்டிக்கட்டுங்க. மருந்த மேல அனுப்பச் சொல்லுங்க” என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். வெட்டுக்குச் சம்மதம், பதினொரு பேரையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

நேற்றுப் பதில் வந்தது. சங்கத்தின் ஒத்துழைப்புக்கு நன்றியாம். சம்பள வெட்டு இந்த மாதமே அமலாகும். ஒழித்த வேலைகள் ஒழித்தவைதானாம். இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள் கண்ணு. அண்ணாமலை என் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

காரியதரிசி பதவியை விட்டுவிட்டேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மலைக்கு வருகிறேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டும். சின்னுசாமியின் காலில் விழ வேண்டும்.

அப்பாசாமி

அரியூர் நாடு
12-5-1932

அண்ணனுக்கு,

வர வேண்டாம்.

குழந்தை இருக்கிறது. பக்கத்து வீட்டு ராமாயி பால் கொடுக்கிறாள். இங்கே எனக்குச் சாமை கொடுக்கிறார்கள், பிரசவம் பார்க்கிறேன். இன்னும் இரண்டு பேர் நிறைமாதம். கையில் மருந்து ஒன்றுமில்லை.

பட்டியலை எழுதியது யார் என்று சின்னுசாமிக்குத் தெரியாது. நீங்கள் வந்தால், “அம்மாவோட அண்ணனுங்களா, வாங்க, வாங்க” என்று பாய் விரிப்பான். இருக்கிற ஒரு கோழியையும் அடித்துப் போடுவான். அவன் பரிமாற நீங்கள் சாப்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்தால், அவனே உங்களைத் தூக்கி நிறுத்தி ஆறுதல் சொல்வான். அதையும் என்னால் பார்க்க முடியாது.

மருந்து கிடைத்தால் தபால்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். கடிதம் வைக்க வேண்டாம்.

பாவாயி