துக்ளகாபாத்தில் பெண் பார்த்தது

2 நவம்பர் 1997, ஞாயிறு

பஜ்ஜி தட்டோடு இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தாறு வயதில் அதெல்லாம் கேலிக்கூத்து. அதற்கு மன்னி கண்டுபிடித்த வழி, மாப்பிள்ளையை வெளியே பார்ப்பது. இதே டில்லியில் மயூர் விஹாரில் இருக்கிறார், பெயர் சுப்பு. அவர் சொன்ன இடம் துக்ளகாபாத் கோட்டை. ஜோடிகள் உலாவும் லோதி கார்டன் என்று சொல்ல மனசு வரவில்லை போலிருக்கிறது.

துணைக்கு மன்னியும் வருகிறாளாம். அண்ணாவின் குவார்ட்டர்ஸில் இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தும், தண்ணீர் வந்ததா, பால் வாங்கியாச்சா என்பதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. என்னை வீட்டை விட்டு அனுப்ப அவளுக்கு என்ன அவசரமோ.

9 நவம்பர்

போய் வந்தாயிற்று. மன்னி பட்டுப்புடவையில் வந்தாள். பார்க்க வந்தது அவளைத்தான் என்று டிக்கெட்காரன் நினைத்திருப்பான். சுப்பு தொப்பி போட்டுக்கொண்டு, கையில் தானே வரைந்த வரைபடத்தோடு வந்தார். என்னைவிட மதில்சுவரைத்தான் அதிகம் பார்த்தார்.

இவ்வளவு பெரிய ஊரைக் கட்டிவிட்டுக் கொஞ்ச காலத்திலேயே காலி செய்துவிட்டார்களாம். சாபம் என்று கதை சொல்வார்கள், தண்ணீர் கிடைக்காமல் போயிருக்கலாம் என்றார். "எங்க கிட்வாய் நகர்லயும் அதே கதைதான். நாங்கதான் இன்னும் காலி பண்ணலை" என்றாள் மன்னி.

அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். மன்னி இப்படியெல்லாம் பேசுவாளா? இல்லை, நான்தான் இதுவரை காது கொடுக்கவில்லையா?

23 நவம்பர்

மெஹ்ரோலியில் படிக்கிணறு. இந்தத் தடவை மன்னிக்குப் பட்டு இல்லை. காட்டன் புடவை, காலில் அண்ணாவின் கான்வாஸ் ஷூ. மன்னி விறுவிறுவென்று அடி வரைக்கும் இறங்கிவிட்டாள். சுப்பு மேலேயே நின்று அளவு சொல்லிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து மன்னி "மீனாக்ஷீ" என்று என்னைக் கூப்பிட்டாள். எதுக்கு என்றால், எதிரொலி வருகிறதா என்று பார்த்தாளாம்.

24 நவம்பர்

கால் வலி. ஒரே அமிர்தாஞ்சன் டப்பா, நாலு முழங்கால்.

14 டிசம்பர்

சுப்பு வீட்டிலிருந்து போன். ஜாதகம் பொருந்துகிறது, பையனுக்குத்தான் இஷ்டமில்லையாம். பெண் பேசுவதே இல்லை, கூட வருகிறவர் நிறுத்துவதே இல்லை என்றாராம்.

அண்ணா மன்னியை ஒரு பிடி பிடித்துவிட்டான். எனக்கு வருத்தமா? கொஞ்சம் குத்தத்தான் செய்கிறது, வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் குத்தாதா? ஆனால் அதைவிட — இனி ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது? சே, என்ன மனுஷி நான்.

17 டிசம்பர்

ஆபீஸிலிருந்து வந்தால் மன்னி சமையலறையில் அழுதுகொண்டிருக்கிறாள்.

"நான் வாயை மூடிண்டு இருந்திருக்கணும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நான் பார்த்ததெல்லாம் மதர் டெய்ரி பால் பூத்தும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டும்தான். நீ தினம் பஸ் ஏறிப் போறே. எனக்கு... ஒரு கோட்டையைப் பார்த்ததும் தலைகால் புரியலைடி. உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்."

எனக்கு ஆறுதல் சொல்லி வழக்கமில்லை.

"அவர் வரைபடத்துல வடக்கும் தெற்கும் மாறியிருந்தது மன்னி" என்றேன்.

அழுகையும் சிரிப்புமாக அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையைத் தட்டினேன். அப்புறம், ஃபெரோஸ் ஷா கோட்லா கோட்டைக்குப் போகலாமா என்று கேட்டேன். யாரோடு என்றாள். நாம ரெண்டு பேரும்தான் என்றேன்.

4 ஜனவரி 1998

கோட்லா. ஒரே மூடுபனி. அசோகர் தூண் எங்கே என்று தெரியவில்லை, பக்கத்தில் நிற்கும் மன்னியும் தெரியவில்லை. அவள் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைத் தடவித் தடவிச் சாப்பிட்டோம். பேச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

12 பிப்ரவரி

கரோல் பாகிலிருந்து புது இடம். பையனுக்கு பாங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாமா என்று போன். மன்னிதான் எடுத்தாள். நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை சௌகரியப்படாது. நானும் அவளும் ஆத்துல இருக்க மாட்டோம்."

சனிக்கிழமை வரட்டுமா என்று கேட்டிருப்பார்கள் போல.

"சனிக்கிழமையா? புளிக்காய்ச்சல் பண்ணணுமே" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.