ஹலோ மாத்திரை

ஜூன் 2

அன்பு அக்கா மகள் பாப்பாவுக்கு,

நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் சொல்கிறேன். என் கால் கட்டைவிரல் வீங்கியதற்கு, யூரிக் அமிலம் என்று டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். ஹலோ என்று பெயர் ஆரம்பிக்கும். இரண்டே நாளில் ஏணி ஏறி நகைக்கடைப் போர்டு எழுதினேன். யானை உயர எழுத்து! கீழே போக்குவரத்தே நின்றுவிட்டது. டாக்டரே என்னைக் கும்பிட்டார்.

இப்படிக்கு,
இரும்பு உடம்பு மாமா

ஜூன் 24

பாப்பா,

மார்பெல்லாம் செந்தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண். பெயின்ட் வாசனை ஆகவில்லை என்கிறாள் உன் அத்தை. பெயின்டிலேயே குளித்து வளர்ந்தவனுக்கா! மாத்திரையை மட்டும் விடவில்லை. ஒத்துக்கொண்ட மருந்தாயிற்றே.

மாமா

ஜூன் 26

மாமாவுக்கு,

போனில் என்னைப் பேசவிடாமல் சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால் உங்கள் ஊர் பஸ் டிரைவர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அத்தை சத்தமாகப் படிக்கட்டும்.

மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள். ஆகாத மருந்து உடனே காட்டிக்கொடுக்கும் என்று யார் சொன்னது? சிலது வாரக்கணக்கில் சாதுவாக இருந்துவிட்டுத் தோலை உரிக்கும், ஈரலைப் பிடிக்கும், ஆளையே கொண்டுபோகும். எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஹலோ என்றொரு மாத்திரை உலகத்திலேயே கிடையாது. அடம் பிடித்தால் வந்து தூக்கிக்கொண்டு போவேன்.

பாப்பா

ஆகஸ்ட் 9

அன்பு பாப்பாவுக்கு,

பிழைத்து வந்துவிட்டேன். நான் தோல் உரித்த அழகைப் பார்த்தால் பாம்பு வெட்கப்படும். இன்னும் ஒருநாள் விழுங்கியிருந்தால் நீ என் போட்டோவுக்கு மாலை வாங்கியிருப்பாய் என்றார் பெரிய டாக்டர். இது மட்டும் நான் கூட்டிச் சொன்னதில்லை.

போன வாரம் கால் மறுபடி வீங்கியது. வேறொரு டாக்டர் அதே மாத்திரையை எழுதப் போனார். "ஹலோ எனக்கு ஆகாது டாக்டர்" என்றேன். அவரும் "ஹலோ" என்று கை நீட்டினார்! உன் அத்தை அட்டையை நீட்டியதால் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷை எடுத்துவிட்டேன். இனி ஹலோ கிடையாது. அட்டையில் இருந்த முழுப் பெயரைப் பார்த்து, "அல்லோபூரினால் எனக்கு ஆகாது" என்று வாசற்கதவில் சிவப்பில் எழுதினேன். மருந்துக்கடை என்று நினைத்து இரண்டு பேர் மாத்திரை கேட்டு வந்தார்கள். உட்காரவைத்து முழுக் கதையும் சொல்லித்தான் அனுப்பினேன். கழுத்துச் சங்கிலியிலும் ஒரு தகடு. எந்த டாக்டர் தொட்டாலும் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும்.

இதோடு உனக்கும் ஒரு தகடு வைத்திருக்கிறேன். இந்த மருந்து ஆகாத உடம்பு ரத்தவழியிலும் வரலாமாம். நீ என் அக்கா மகள். நர்ஸ் என்ற திமிரில் மேஜைக்குள் போட்டுவிடாதே. பரிசோதித்துப் பார்க்கும்வரை கழுத்தில் கிடக்கட்டும். அடம் பிடித்தால் வந்து நானே மாட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு,
மாமா