தலைமாடு உயரும் கட்டில்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சண்டை. கட்டில் அனுப்புகிறவர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வேனிலிருந்து இறக்கியதும் வீடு மாறி வந்துவிட்டார்களோ என்று திகைத்துப்போனேன். கொண்டுவந்தவர், "சார் வீட்டுக்குத்தாம்மா. சார் நமக்கு ரொம்ப வேண்டியவர்" என்று சொல்லி, அவரே மாட்டியும் கொடுத்தார்.

விசையை அமுக்கினால் தலைமாடு தானாக உயர்கிறது. மூச்சிரைப்பால் இத்தனை மாதம் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிய அப்பா, நேற்றுப் படுத்துத் தூங்கினார். குறட்டை வேறு! உங்களை 'முசுடு' என்பதைத் தவிர வேறு பெயரால் அழைக்காத மனுஷர், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எம் மாப்பிள்ளை வாங்கி அனுப்பினது" என்று காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா படுத்திருப்பதை அந்த ஆள் போட்டோகூட எடுத்துக்கொண்டார், உங்களிடம் காட்டுவதாகச் சொன்னார். காட்டினாரா?

உங்கள் வாயாடி

மார்ச் 8

வாயாடி,

அந்தக் கட்டிலை நான் அனுப்பவில்லை.

பதறிப்போய் மேனேஜர் அறை போனுக்குக் கூப்பிட்டுவிடாதே. எழுது. இங்கே புதிதாக வந்த கிரேன் கயிற்றில் இரும்புப் புரிகள் அறுந்திருக்கின்றன. பரிசோதகன் நான் கையெழுத்துப் போட்டால்தான் அதை ஓட்டலாம். போட மாட்டேன் என்றேன். கயிறு சப்ளை செய்கிற காண்ட்ராக்டர்தான் நம் வீட்டுக்கு வந்தவன். போட்டோவை நீட்டி, "மாமனார் இப்ப நல்லாத் தூங்கறாரா சார்?" என்றான்.

கம்பெனியோடு தொழில் செய்கிறவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது, வீடு தேடி வந்தாலும் உடனே விஜிலென்ஸுக்குச் சொல்ல வேண்டும் என்று போன வருடம் பெரிய ஹாலில் வகுப்பு எடுத்தார்கள். பிஸ்கட் தின்றுகொண்டே தலையாட்டினேன். இப்போது போய்ச் சொன்னால், மாமனாரை அதில் படுக்க வைத்த பிறகா வந்து சொல்கிறாய் என்பார்கள். வேலை போனால் மாமாவின் வைத்தியச் செலவை யார் பார்ப்பது? மேனேஜரோ, "அனுசரிச்சுப் போப்பா" என்கிறார்.

அவன் வந்தால் கட்டிலை எடுத்துப்போகச் சொல். மாமாவிடம் எப்படிச் சொல்வாய் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன்னவன்

மார்ச் 13

உங்களுக்கு,

வந்தான். எடுத்துப்போங்கள் என்றேன். "படுத்த கட்டிலை எப்படிம்மா திருப்பி வாங்கறது? சார் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று சிரித்தான். கிளம்பும்போது, "தையல் கடையிலருந்து தனியாத்தானே நடந்து வர்றீங்க? ஜாக்கிரதைம்மா" என்றான். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து கடைக்குப் போகவில்லை.

ஒளிக்காமல் சொல்கிறேன். 'போட்டுத் தொலையுங்கள்' என்றுதான் முதலில் எழுதினேன். தபாலில் போடச் செருப்பும் மாட்டிவிட்டேன். அப்போது அப்பா கட்டிலிலிருந்து, "மாப்பிள்ளை அங்க என்னதான் வேலை பார்க்கறார்? பக்கத்து வீட்டுல கேட்கறாங்க" என்றார். "கிரேன் தூக்கறப்ப கீழ நின்னு பார்க்கணும்பா" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அடுப்படியில் தொங்கும் உங்கள் கம்பெனி காலண்டரின் அடியில் விஜிலென்ஸ் விலாசம் இருக்கிறது. 'பயப்படாமல் எழுதுங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். நான் பயந்துகொண்டேதான் எழுதினேன். அதையும் இதையும் சேர்த்தே தபாலில் போடுகிறேன். உங்களைக் கேட்காமல் செய்ததற்கு வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

வாயாடி

மார்ச் 17

என் வாயாடிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே போட்டுவிட்டேன்.

உன் தையல் கடை எந்தத் தெருவில் என்று அவன் என்னிடமும் சொன்னான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

இன்று காலை உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது கிரேன் ஓர் இரும்புத் தூணைத் தூக்கத் தொடங்கியிருந்தது. கீழே வெல்டர்கள் நின்றார்கள். ஓடிப்போய் அபாய மணியை அடித்தேன். தூணை இறக்கிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கயிறு அறுந்தும் விழவில்லையா, எல்லோரும் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மதியம் விஜிலென்ஸ் ஆட்கள் வந்து நீ எழுதியதை மேசைமேல் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டது நான்தான், ஏன் போட்டேன் என்பதையும் சொல்லிவிட்டேன். கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை சம்பளம் கிடையாது. அதற்கப்புறம் வேலை உண்டா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வாக்குமூலம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்களாம். மாமாவிடம் நீ சொல்லாதே, நானே வந்து சொல்கிறேன். மறுபடி நாற்காலியில் உட்காரச் சொல்லப்போகிறவன் நான்தானே. எப்படித் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கேட்டுக்கு வெளியே அவன் வேன் காலையில் நின்றது, இப்போது காணவில்லை. அங்கே வந்தாலும் வருவான். கதவைத் தாழ் போட்டே வை. கட்டிலை எடுக்க வந்திருக்கிறோம் என்று யார் சொன்னாலும், கம்பெனி அடையாள அட்டையே காட்டினாலும் திறக்காதே. நான் வந்தால் தட்டமாட்டேன். வாயாடி என்று கூப்பிடுவேன். அந்தப் பெயர் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

உன் முசுடு