மூடி வைத்த வானத் துண்டு

மார்ச் 3
குழுத் தலைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். கோடையோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. நாங்கள் ஆராயும் தொலைதூர விண்மீன் மண்டலத்திலிருந்து காமா கதிர் வருகிறதென்று ஏதாவது கிடைத்தால்தான் நீட்டிப்பு.

காமா ஃபோட்டான் மேல்காற்றில் மோதினால் எலக்ட்ரானும் பாசிட்ரானும் பிறந்து, பெருகி, எங்கள் தொலைநோக்கியில் நீல ஒளியாக விழும். வெறும் புரோட்டான் மோதினாலும் கிட்டத்தட்ட அதே கூத்துதான். இரண்டையும் பிரிக்கும் சல்லடை, அதாவது கணினி நிரல், என் பொறுப்பு. சல்லடையின் அளவை முடிவு செய்யும்வரை அந்த மண்டலம் இருக்கும் வானத் துண்டின் தரவை யாரும் திறக்கக் கூடாது. பார்த்துவிட்டால் ஆசைக்கு ஏற்ப அளவை மாற்றுவோம் என்பார் அக்கா.

மார்ச் 9
திறந்துவிட்டேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சும்மா ஒரு பார்வை என்றுதான். நான் யோசித்து வைத்திருந்த அளவில் சிக்னல் இருக்கிறது, ஆனால் நோஞ்சானாக. "இருக்கலாம்" என்று எழுதலாம், "கண்டோம்" என்று எழுத முடியாது.

மார்ச் 10
அளவைக் கொஞ்சம் இறுக்கினேன். அக்காவுக்காகத்தானே — அடேய், உன்கிட்டயே கதை விடறியா? கண்டுபிடிச்சவன்னு பேர் வாங்க உனக்குத்தான் ஆசை.

மார்ச் 17
எல்லோர் முன்னிலையிலும் "முதல்முறையாக" திறந்தோம். சிக்னல் எகிறியது. அக்கா அழுதுகொண்டே அவர் அம்மாவுக்கு போன் போட்டார். "தம்பி காப்பாத்திட்டான்மா."

மார்ச் 19
அக்காவின் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.

மார்ச் 21
சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். பழைய அளவில் எவ்வளவு வந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"அதுவே போதும்டா எனக்கு. இருக்கலாம்னு எழுதியிருந்தாலே நீட்டிச்சிருப்பாங்க. இப்போ நீ பாத்துட்ட. இனிமே எந்த அளவு வெச்சாலும் நானே நம்ப மாட்டேன்."

பாவி. நான் பண்ணின திருட்டுத்தனம்கூட வீண்.

ஏப்ரல் 2
மொத்தத் தரவையும் ஒதுக்கிவிட்டோம். அந்த மண்டலம் இனி குளிர்காலத்தில்தான் தொலைநோக்கிக்கு எட்டும். அதற்குள் அக்கா இங்கே இருக்க மாட்டார். என்னை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம் என்று மேலே பேசியவரும் அவர்தானாம். எந்த மூஞ்சியோடு நன்றி சொல்ல?

டிசம்பர் 14
புதிய தரவு, பழைய அளவு. சல்லடையை வேறொருவர் பார்த்துக்கொண்டார். சிக்னல் தெளிவாக இருக்கிறது.

அக்கா இப்போது ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். போன் செய்தேன்.

"நிஜமாவே இருந்துச்சாடா?"

இருந்துச்சுக்கா என்றேன். வகுப்புக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டார்.