கட்டுப்படியாகாத வெளிச்சம்

அக்கா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. போய்ச் சேர்ந்துவிட்ட உன்னிடம் இப்படிக் கெஞ்சுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் பயமாக இருக்கிறது.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, தெருவில் ஈயம் பூசுகிறவர் சூடேற்றிய பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவினார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நீ எதிரே வந்து நின்றாய்.

உலகச் சண்டையால் டார்ச் செல்லே கிடைக்காத வருஷம் அது. நம் முந்திரித் தோப்புக் காவலுக்கு டார்ச் இல்லாமல் ஆகாது. எல்லோரும் தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்து, உயிர் வருமா என்று பார்த்தார்கள். நீ அதை உடைத்தாய். உள்ளே இருந்த கரிக்குச்சியைச் சுற்றிக் கறுப்புத் தூளைத் துணியில் கட்டி, துத்தநாகத் தகட்டோடு நவச்சாரத் தண்ணீரில் இறக்கினாய். இரண்டு ஊறுகாய் ஜாடிகள், ஒரு கம்பி. பல்பு எரிந்தது!

"ஏ புள்ள, எரியுதுடி! ஜெயங்கொண்டத்துல செல்லு கம்பெனியே போட்டுடலாம்!" என்று அப்பா தெருவைக் கூட்டிவர ஓடினார்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "அதுக்குள்ள மொதலாளி ஆயிட்டாரு பாரு. கரி நம்மூருல மலிவுடி. கறுப்புத் தூளு? செத்த செல்லுலேருந்து சொரண்டினேன். கம்பெனின்னா அது மூட்டை மூட்டையா ரயில்ல வரணும். தகடெல்லாம் சண்டைக்குப் போவுது. வாங்கிச் செஞ்சா கடைச் செல்லைவிட வெலை கூடும், சீக்கிரமும் தீந்துடும். கட்டுப்படியாவாது."

"அப்பாகிட்ட சொல்லேன்."

"இன்னிக்கு சந்தோசமா இருக்கட்டும். நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் உனக்குக் காய்ச்சல். அதிலிருந்து நீ எழுந்திருக்கவே இல்லை.

இப்போது அப்பா தோப்பை விற்கப்போகிறார். செல் கம்பெனிக்கு உன் பெயர் வைப்பாராம். விடிந்ததும் பத்திரத்தில் கையெழுத்து. "எம் பொண்ணு ஏத்துன வெளக்கு, அணையக்கூடாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். உன்னைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அவர் முகம் தெளிகிறது. அதை எப்படிக் கெடுப்பேன்? எனக்கு அடிகூட விழலாம். தோப்பு போனால் நாங்கள் எல்லோரும் எதைத் தின்போம்?

விளக்கு எரிந்தது பெரிய அதிசயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஊரே வாய்பிளந்து நிற்கும் வெளிச்சத்தை நீயே உண்டாக்கிவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, இது கட்டுப்படியாகாது என்று சொல்ல உன்னால் முடிந்ததே, அதுதான் அதிசயம். அதில் ஒரு துளியாவது என்னிடம் இருக்கும், இல்லையா அக்கா?

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். நீ சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.